தயிர்த்தெளிவும் ஒன்பதாயிரம் கோடி நுண்ணுயிரும்

பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கும் இடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது திருமுக்கூடல். காஞ்சிபுரத்துக்காரர்கள் இந்த ஊரைப் பொங்கலை ஒட்டி வரும் பார்வேட்டையால் அறிவார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் அன்று இந்தப் பக்கம் எழுந்தருளுவார். மருத்துவ வரலாறு படிப்பவர்கள் அறிந்திருப்பது இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரை. வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1068ஐ ஒட்டி வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று அதில் இருக்கிறது. வேதபாடசாலைக்கும் மாணவர் விடுதிக்கும் எழுதிய நிவந்தங்களோடு, 'வீரசோழன்' என்று பெயரிட்ட ஓர் ஆதுலர்சாலையின் செலவுக்கணக்கும் அதில் வருகிறது. பதினைந்து படுக்கை. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீருக்கு ஒருவர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு.

இவற்றோடு, ஆண்டு முழுக்க இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. வாஸாஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என்று கடுக்காயை முதலாகக் கொண்டவை நான்கு. பிறகு கண்டீரம், பில்வாதி கிருதம், ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள், மண்டூர வடகம், தாம்ராதி, வஜ்ரகல்பம், கல்யாணக லவணம், பழைய நெய். படியில் அளப்பதற்குப் படி, தூணியில் அளப்பதற்குத் தூணி, மாத்திரையாக உருட்டுவதற்கு எண்ணிக்கை என்று அளவும் சொல்லியிருக்கிறார்கள். எந்த மருந்து எந்த நோய்க்கு என்று கல்வெட்டு சொல்லவில்லை. அதை மருத்துவருக்கு விட்டிருக்கிறார்கள், அது சரியும்கூட.

இந்தப் பட்டியலில் என் கண் நின்றது 'கண்டீரம்' என்ற ஒற்றைச் சொல்லில். காரணம் இன்றைய மருந்துக்கடை. நாள்பட்ட சிறுநீரக நோய் என்று எழுதித் தரப்பட்ட ஒருவர், டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் எதையாவது செய்து தள்ளிப்போட முடியுமா என்று தேடும்போது, இப்போது அவர் முன்னால் வந்து நிற்பது புரோபயாட்டிக் கேப்சூல். உயிருள்ள நுண்ணுயிர்களை விழுங்கினால் அவை குடலிலேயே யூரியாவைத் தின்றுவிடும், ரத்தத்தில் 'உப்பு' இறங்கும் என்பது அதன் வாக்குறுதி. குடல் வழியாகச் சிறுநீரகத்துக்கு வைத்தியம் என்பது புதிய எண்ணமா? கண்டீரம் அங்கேதான் நுழைகிறது.

சரக சம்கிதையின் சிகிச்சைப் பகுதியில் 12ஆம் அத்தியாயம் வீக்கத்தைப் பற்றியது. உடம்பில் நீர் கோத்துக்கொண்டு முகமும் காலும் ஊதிப்போகும் நோய்க்கு அதில் கண்டீராத்யரிஷ்டம் என்ற மருந்து வருகிறது. கண்டீரம், சேங்கொட்டை, கொடிவேலி, திரிகடுகு, வாய்விடங்கம், இருவகைக் கத்திரி ஆகியவற்றைத் தயிர்த்தெளிவில் போட்டு எருமுட்டைத் தீயில் காய்ச்சுகிறார்கள். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டியதும் வடிகட்டி ஆறவைக்கிறார்கள். ஆறிய பிறகு காய்ச்சாத தயிர்த்தெளிவு ஒரு துரோணமும் நூறு பலம் கற்கண்டும் சேர்த்து, உள்ளே கொடிவேலியும் திப்பிலியும் அரைத்துப் பூசிய குடத்தில் பத்து நாள் வைக்கிறார்கள்.

காய்ச்சாத தெளிவை ஆறிய பின் ஊற்றுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காய்ச்சியதோடு விட்டிருந்தால் அது வெறும் கஷாயம். ஆறிய பின் தயிர்த்தெளிவும் சர்க்கரையும் சேர்ந்தால், தயிரில் இருந்த லாக்டிக் அமில பாக்டீரியா அந்தக் குடத்தில் பெருகும். காற்றில் வந்து விழும் ஈஸ்ட்டும் கூடச் சேரும். பத்தாம் நாள் நோயாளிக்குக் கொடுத்தது, இன்றைய மொழியில் சொன்னால், உயிருள்ள நுண்ணுயிர் அடங்கிய புளித்த பானம். அதே அத்தியாயத்தில் தசமூலக் கஷாயத்தில் நூறு கடுக்காயையும் வெல்லத்தையும் வேகவைத்துச் செய்யும் இன்னொரு வீக்க மருந்தும் வருகிறது. திருமுக்கூடலின் 'தசமூல ஹரீதகி' இதுவாகவே இருக்கலாம். 'கண்டீரம்' அந்த அரிஷ்டமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்ற சொல்லை நான் தளர்த்த விரும்பவில்லை. கண்டீரம் எந்தச் செடி என்பதிலேயே உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. வீக்கம் என்பதும் சிறுநீரகத்தால் மட்டும் வருவதில்லை. இதயம் தளர்ந்தாலும் கல்லீரல் கெட்டாலும் ரத்தம் வற்றினாலும் கால் ஊதும். பதினைந்து படுக்கையில் யார் எந்த வீக்கத்தோடு படுத்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை. 'நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே புரோபயாட்டிக் கண்டுபிடித்தார்கள்' என்று இதை வைத்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுவது எளிது. எழுதுகிறவர் அந்தக் குடத்தில் சேங்கொட்டையும் போட்டார்கள் என்பதை மறக்காமல் இருந்தால் நல்லது. சலவைத் துணியில் குறி போட வண்ணார்கள் பயன்படுத்திய அதே கொட்டைதான். அதன் பால் பட்டதைத் தொடர்ந்து சிறுநீரகப் புறணி அழுகிப்போன நேர்வை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1979இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள் என்பது உண்மை. ஆனாலும் பழுதான சிறுநீரகத்துக்கு உதவக்கூடியதும் அதைக் கெடுக்கக்கூடியதும் ஒரே குடத்தில் பத்து நாள் ஊறின என்பதும் உண்மை.

இனி உடம்புக்குள் போவோம். நாம் உண்ணும் புரதம் சிதைந்து யூரியாவாகிறது. அதன் பெரும்பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கே, உண்டாகும் யூரியாவில் ஐந்தில் ஒன்றுக்குக் குறையாத பங்கு குடலுக்குள் கசிந்து, அங்கிருக்கும் பாக்டீரியாவின் யூரியேஸ் நொதியால் அம்மோனியாவாக உடைகிறது. சிறுநீரகம் தளரத் தளர ரத்தத்தில் யூரியா ஏறும். குடலுக்குள் வந்து சேரும் யூரியாவும் ஏறும். யூரியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அது விருந்து. கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் வசீரி என்ற சிறுநீரக ஆய்வாளரின் குழு 2012, 2013ஆம் ஆண்டுகளில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் குடலில் எந்தக் கூட்டம் பெருகுகிறது, எது தேய்கிறது என்பது அப்போது ஓரளவு தெளிவானது. அம்மோனியா பெருகுவதால் குடலின் காரத்தன்மை கூடுகிறது. குடற்சுவரின் செல்களை ஒன்றோடொன்று இறுக்கும் பிணைப்பு நெகிழ்கிறது. உள்ளே தங்க வேண்டியவை ரத்தத்துக்குள் ஒழுகுகின்றன.

இன்னொரு வழியும் உண்டு, என் பார்வையில் அதுதான் முக்கியமானது. செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்துசேரும் புரதத்தில் டிரிப்டோஃபான், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. சில பாக்டீரியா முன்னதை இண்டோலாகவும் பின்னதைப் பாரா-கிரெசாலாகவும் மாற்றுகின்றன. இவை உடம்புக்குள் போய் இண்டாக்சில் சல்பேட், பாரா-கிரெசில் சல்பேட் என்று உருமாறி, சிறுநீரோடு வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லாதபோது ரத்தத்தில் தேங்கி ரத்தக்குழாயையும் மிச்சமிருக்கும் சிறுநீரகத் திசுவையும் அரிக்கின்றன என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. டயாலிசிஸ் என்ற சல்லடை யூரியாவை எளிதாக வடித்துவிடும். ஆனால் இந்த இரண்டும் பெரும்பாலும் ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டே சுற்றுவதால் அதன் கண்ணுக்குள் அகப்படுவதில்லை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவரின் ரத்தத்திலும் இவை மலைபோலக் குவிந்திருப்பது அதனால்தான்.

இவை குடலில்தான் பிறக்கின்றன என்பதை 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு அழகாகக் காட்டியது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில், வேறு நோய்க்காகப் பெருங்குடல் நீக்கப்பட்ட சிலரைத் தேடிப் பிடித்து, அவர்கள் ரத்தத்தையும் பெருங்குடல் உள்ளவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். பெருங்குடல் இல்லாதவர்களிடம் இந்த இரு நஞ்சுகளும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட வேறு சேர்மங்களும் அவர்களிடம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தன.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் மெச்னிகோவ். 1908இல் நோபல் பரிசு பெற்ற அவர், பெருங்குடலில் புரதம் அழுகி உண்டாகும் இண்டோலும் பீனாலும்தான் மனிதனை முதுமைக்குத் தள்ளுகின்றன, புளித்த பாலைக் குடித்தால் அந்த அழுகலைத் தடுக்கலாம் என்று எழுதினார். புரோபயாட்டிக் சந்தையின் மூதாதை அவரே. மற்றவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன். அதே கோட்பாட்டை நம்பி, நாட்பட்ட மலச்சிக்கலுக்காக வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அந்தக் கோட்பாடு பின்னர் கேலிக்கு ஆளாகி மறைந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு, சிறுநீரகம் செத்தவர்களின் உடம்பில் மட்டும், அதே இண்டோல் குடும்பம் குற்றவாளிக் கூண்டுக்குத் திரும்பியிருக்கிறது. ஒரு காலத்தின் மூடநம்பிக்கை இன்னொரு காலத்தில் பாதி உண்மையாகித் திரும்புவது மருத்துவத்தில் புதிதல்ல. எந்தப் பாதி உண்மை என்று பிரிப்பதுதான் வேலை.

ஆகவே கோட்பாடு வலுவானது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு உண்டு. கேப்சூல் விற்பவர் இங்கே நின்றுவிடுவார். நாம் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

திருமுக்கூடல் கல்வெட்டில் மருந்தின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, அதைக் கொடுத்தவருக்கு எவ்வளவு நெல் என்பது இருக்கிறது. எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்பது இல்லை. பதினோராம் நூற்றாண்டில் அதை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல, அது நிவந்தச் சாசனம். புரோபயாட்டிக் டப்பாவின் மேலும் அளவு இருக்கிறது: இத்தனை ஆயிரம் கோடி உயிருள்ள நுண்ணுயிர். எழுந்து நடந்தவர் கணக்கை டப்பாவில் தேடிப் பயனில்லை. அதைத் தர வேண்டியவை சோதனைகள்.

சிறுநீரகத்துக்கென்றே கலவை தயாரித்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடராஜன் ரங்கநாதன் நிறுவிய கிபோ பயோடெக். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ், பைஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற மூன்று நுண்ணுயிரும் சேர்ந்தது அதன் கலவை. நாளொன்றுக்கு 9,000 கோடி. அமெரிக்கா, கனடா, நைஜீரியா, அர்ஜெண்டினா ஆகிய நான்கு நாடுகளில், நோய் மூன்றாம், நான்காம் நிலையில் இருந்த 46 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. 29 பேருக்கு ரத்த யூரியா இறங்கியது. கிரியாட்டினின் இறங்கியது 20 பேருக்கு, யூரிக் அமிலம் 15 பேருக்கு. பின்னவை இரண்டும் தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவே. உடம்பு தேவலை என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். யூரியாவின் கதை நம்பிக்கை தருவதாக இருந்தது. ஆனால் யூரியா இறங்குவது வேறு, சிறுநீரகம் பிழைப்பது வேறு. பசியில்லாமல் சாப்பாடு குறைந்தாலும் யூரியா இறங்கும்.

அதே மூன்று நுண்ணுயிர் வகை, அதே 9,000 கோடி அளவு, பிரேசிலில். நித்தெரோய் நகரில் டெனிஸ் மாஃப்ராவின் குழு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தது. 46 பேர் தொடங்கி 33 பேர் முடித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 2018இல் வெளிவந்த முடிவில், புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு யூரியாவும் பொட்டாசியமும் இண்டாக்சில் சல்பேட்டும் கூடியிருந்தன. இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது. சிறிய சோதனைதான், இதை வைத்து நஞ்சு என்று முத்திரை குத்தவும் முடியாது. ஆனால் 'சாப்பிட்டால் நல்லது, இல்லையென்றாலும் கெடுதல் இல்லை' என்று சொல்பவரின் வாயை அடைக்க இது போதும்.

இடையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மேகன் ராசி நடத்திய 'சினர்ஜி' சோதனை 2016இல் வந்தது. இதில் நுண்ணுயிரை மட்டும் கொடுக்கவில்லை, அவை தின்பதற்கான நார்ப்பொருளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 37 பேரில் 31 பேர் முடித்தார்கள். பாரா-கிரெசில் சல்பேட் குறைந்தது. அவர்கள் முதன்மையாகக் குறிவைத்த இண்டாக்சில் சல்பேட் தெளிவாகக் குறையவில்லை. சோதனைக் காலத்தில் ஆன்டிபயாட்டிக் எடுக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே குறைந்திருந்தன. நான் படித்த சோதனைகளில் கொஞ்சமாவது பிடிமானம் தருவது இதுதான். காரணம் எளிது. நார்ச்சத்து இல்லாத குடலில் புரதத்தைத் தின்னும் பாக்டீரியா ஆளும். அங்கே வெளியிலிருந்து எத்தனை கோடியை இறக்கினாலும் அவை தங்கப் போவதில்லை. சிறுநீரக நோயாளியின் குடல் ஏற்கெனவே இரும்பு மாத்திரை, பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரை, அடிக்கடி ஆன்டிபயாட்டிக், பொட்டாசியத்துக்குப் பயந்து காயும் பழமும் குறைத்த சாப்பாடு ஆகியவற்றால் மாறிப்போனது. விதையைக் குறை சொல்லிப் பயனில்லாத இடம் அது.

சிதறிக் கிடந்த சோதனைகளை எல்லாம் ஒன்றாக்கி நிறுத்துப் பார்த்தது 2023இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு. புரோபயாட்டிக், அதற்கு உணவாகும் ப்ரீபயாட்டிக், இரண்டும் கலந்தவை எல்லாம் சேர்த்து 45 ஆய்வுகள், 2,266 பேர். பெரும்பாலானவை சிறியவை, சில வாரங்களோ மாதங்களோ மட்டும் நடந்தவை. உயிர் காக்குமா, டயாலிசிஸைத் தள்ளிப்போடுமா என்ற கேள்விக்கு உறுதியான விடை சொல்ல அவை போதவில்லை என்பதே முடிவு.

சரி, நஞ்சு குறைந்தால் சிறுநீரகம் பிழைக்கும் என்பதாவது நிச்சயமா? அதற்கும் ஒரு படிப்பினை இருக்கிறது. ஜப்பானில் 1991 முதல் ஏஎஸ்டி-120 என்ற கரித்தூள் மருந்து வழக்கத்தில் இருக்கிறது. குடலில் இண்டோலை உறிஞ்சி மலத்தோடு வெளியேற்றும். இண்டாக்சில் சல்பேட்டைக் குறைப்பதில் எந்தப் புரோபயாட்டிக்கும் அதற்குப் பக்கத்தில் வராது. 2015இல் வெளியான 'எபிக்' என்ற இரட்டைச் சோதனையில் 2,035 பேருக்கு அதையும் போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போனவர்கள், கிரியாட்டினின் இரட்டித்தவர்கள் கணக்கில் இரு தரப்பும் ஒன்றே. நஞ்சைக் குறைக்கும் வலுவான மருந்தே நோயின் போக்கை மாற்றவில்லை என்றால், அரைகுறையாகக் குறைக்கும் கேப்சூல் மாற்றும் என்று எதை வைத்து நம்புவது?

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது சர்க்கரை நோய்க்கென்று வந்த டாபாக்ளிஃப்ளோசின். சிறுநீரக நோயாளிகள் 4,304 பேரிடம் சோதித்த முடிவு 2020இல் வெளியானது. சிறுநீரகச் செயல்பாடு பாதியாகச் சரிவது, முற்றும் செயலிழப்பது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தவர்கள் போலி மருந்துத் தரப்பில் 14.5 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 9.2 சதவீதம். இந்தியாவில் அதே ஆண்டு அதன் முதல் காப்புரிமை முடிந்து விலை சரிந்தது. எழுந்து நடந்தவர் கணக்கு என்று நான் சொன்னது இப்படித்தான் இருக்கும். இது எல்லா நோயாளிக்கும் பொருந்தாது, மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் பெரிய மருந்துக்கடையில் புரோபயாட்டிக் டப்பாவுக்குக் கொடுக்கும் காசையும் இதற்குக் கொடுக்கும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

கேப்சூல் வேண்டாம் என்றால் வீட்டில் தயிர் இருக்கிறதே, பழைய சோறு இருக்கிறதே என்று கேட்பார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2001இல் தந்த இலக்கணத்தின்படி, போதிய அளவில் எடுத்தால் உடல்நலத்துக்குப் பயன் தருகிற உயிருள்ள நுண்ணுயிரே புரோபயாட்டிக். வீட்டுத் தயிரில் இருப்பது எந்த இனம், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாததால் அது அந்த இலக்கணத்துக்குள் வராது. நல்ல உணவு என்ற தகுதிக்கு அதனால் குறைவில்லை. சிறுநீரக நோயாளிக்குச் சிக்கல் வேறு. நூறு கிராம் தயிரில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் பொட்டாசியமும் 100 மில்லிகிராமுக்குச் சற்று முன்பின்னாகப் பாஸ்பரஸும் இருக்கும். ஒரு சிறு கிண்ணம் பலருக்கும் தாங்கும். இரண்டு வேளை தயிர்சாதமும் நடுவே உப்புப் போட்ட மோரும் என்றால் கணக்கு எகிறும். தொட்டுக்கொள்ளும் மாவடுவும் எலுமிச்சை ஊறுகாயும் உப்பில் மிதப்பவை. 'குளிர்ச்சி' என்று இளநீரைச் சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு குவளையில் 400 மில்லிகிராமை ஒட்டிப் பொட்டாசியம். சிறுநீர் குறைந்த நோயாளிக்கு அது இதயத்தை நிறுத்தக்கூடிய பானம்.

பழைய சோற்றுக்கு வேறொரு நியாயம் உண்டு. ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறுகிறது. அது பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதே போன்ற செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது இண்டாக்சில் சல்பேட் குறைந்ததை 2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அங்கே கொடுத்தது பிரித்தெடுத்த மாவு. ஒரு சட்டிப் பழைய சோற்றில் அந்த அளவு கிடைக்காது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்தது குடல் நோய்களுக்காக. அதன் முடிவுகளைச் சிறுநீரகத்துக்கு இழுத்துக்கொண்டு வருவது சரியல்ல. நீராகாரத்தை எவ்வளவு குடிக்கலாம் என்பது, நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று மருத்துவர் வகுத்த அளவுக்குள் அடங்க வேண்டியது.

பழைய பட்டியலில் இன்றைய ஆய்வோடு உரசிப் பார்க்கத் தகுந்தது எனக்குக் கடுக்காயாகத் தெரிகிறது. நான்கு மருந்து கடுக்காயில் செய்து வைத்திருக்கிறார்கள் என்றால், வீரசோழன் ஆதுலர்சாலை மலம் இளகுவதைப் பெரிய காரியமாக எண்ணியிருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 35 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017இல் வந்தது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. மலச்சிக்கல்தான் காரணமா, இரண்டுக்கும் பின்னால் வேறொன்று இருக்கிறதா என்று பதிவுகளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சிறுநீர் வழி அடைபடும்போது பொட்டாசியம் வெளியேறும் மாற்று வழி பெருங்குடல்தான் என்பதால், சிறுநீரக மருத்துவர்கள் இப்போது 'தினமும் வெளிக்கு நன்றாகப் போகிறதா' என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. கடுக்காயை வாங்கி இடித்துத் தின்ன இது பரிந்துரை அல்ல. கல்யாணக லவணம் போன்ற கார உப்பு மருந்துகளையும் தாம்ராதி போன்ற உலோக மருந்துகளையும் சிறுநீரக நோயாளி தொடவே கூடாது.

புரோபயாட்டிக்கை முற்றாக விலக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர், கழுத்தில் டயாலிசிஸ் குழாய் செருகியிருப்பவர். குடலில் சாதுவாக இருக்கும் லாக்டோபேசில்லஸ் இவர்களில் அபூர்வமாக ரத்தத்தில் கலந்து காய்ச்சலைக் கிளப்பியதற்குப் பதிவுகள் உண்டு. டப்பாவில் இதெல்லாம் இருக்காது. நம் நாட்டில் இவற்றில் பலவும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சப்ளிமெண்ட் விதிகளின் கீழ் உணவாக விற்பவை. புதிய மருந்துக்குக் கேட்கும் சோதனைச் சான்றை அந்த விதிகள் கேட்பதில்லை. நோயைக் குணப்படுத்தும் என்று அச்சிட விற்பவருக்கு உரிமை இல்லை. அதனால் அட்டையில் அடக்கமாக எழுதிவிட்டு, மிச்சத்தைக் கடை முனையில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

தமிழகக் கிராமத்தில் யாருக்குச் சிறுநீரகம் கெடுகிறது என்பதும் இந்த விற்பனையோடு பொருந்தவில்லை. மாநிலத்தின் விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரைப் பரிசோதித்து சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் உறுதியானது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. வெயிலில் நாளெல்லாம் வேலை, போதாத தண்ணீர் என்று சந்தேகம் போகிறது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் உட்காரும் நெசவாளிக்கும், பாலாற்றங்கரையில் நெல் நடும் பெண்ணுக்கும் முதலில் வேண்டியது ஒரு சிறுநீர்ப் பரிசோதனை.

அதைச் செய்து காட்டியவர் சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. 1990களில் அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை ஒட்டிய கிராமங்களில் 25,000 பேரைச் சுற்றிவந்தது. வீடு வீடாகப் போனது அந்தந்த ஊரின் பள்ளிப்படிப்பு முடித்த பெண்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் புரதத்துக்கு சல்ஃபோ சாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். இரண்டும் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கிடைப்பவை. கோளாறு தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்து, சந்தையில் மிக மலிவாக இருந்த ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதையசைடு, ஹைட்ராலசின், கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் ஆகியவற்றையே கொடுத்தார். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் ஆயிரத்துக்கு 28 என்பதிலிருந்து 11 ஆனதாக மணி எழுதினார். குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை இல்லை என்ற குறை அதற்கு உண்டு. மொத்தச் செலவு ஆளுக்கு ஆண்டுக்கு 27 அமெரிக்க சென்ட், அன்றைய மதிப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய்.